தட்டானின் நிறம்

ஜூலை 3

அன்புள்ள ஆமைக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போனையே எடுக்காதவனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்! மூன்று மாதமாக அழைத்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். கடிதத்தையாவது பிரித்துப் படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தட்டான் படம் வந்து சேர்ந்தது. முதல் பரிசு வாங்கிய கறுப்பு வெள்ளைப் படம் இப்போது என் வகுப்பில், கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இருட்டுக்கு நடுவே அந்தப் புல் தண்டும், பனித்துளியும், இறக்கையின் நரம்புகளும்! கணக்கு டீச்சர் வந்து, "நெஜமாவே உன் தம்பியா எடுத்தான்?" என்று இரண்டு தரம் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டிக்கு நீ எழுதிய குறிப்பையும் வகுப்பில் படித்துக் காட்டினேன். சேற்றில் குப்புறப் படுத்து மூன்று மணி நேரம் காத்திருந்தாயாமே. சின்ன வயதில் தட்டான் வாலில் நூல் கட்டிய பையன்களோடு மல்லுக்கு நின்று, சட்டை கிழிந்து வந்தாயே, அந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20 எங்கள் பள்ளி இயற்கை மன்ற விழா. நீதான் பேச வேண்டும். தலைப்பு 'பொறுமை'. அப்புறம், அந்தத் தட்டான் என்ன நிறம் என்று பிள்ளைகள் என்னைத் துளைத்தெடுக்கிறார்கள். வண்ணப் படம் ஒன்று அனுப்பு.

உன் பெருமையில் குளிர்காயும்,
அக்கா

ஜூலை 11

அன்புள்ள அக்கா,

படம் பிடித்திருப்பதில் சந்தோஷம். நிறம் எதற்கு? கிட்டத்தில் எடுக்கும் படங்களில் நிறம் கவனத்தைக் கெடுத்துவிடும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது கணினியில் பச்சையைக் குறைத்தால் புல்வெளி முழுவதும் இருண்டு பின்னால் போய்விடும். சிவப்பை ஏற்றினால் உடம்பு மினுங்கும். பிறகு கண் நேராக இறக்கைக்குத்தான் போகும்.

அச்சகத்தில் காலண்டர் வேலை கழுத்தை நெரிக்கிறது. விழாவுக்கு வருவது கஷ்டம். வேறு யாரையாவது கூப்பிடேன்.

தம்பி

ஜூலை 19

அடேய் ஆமை,

நிறம் கவனத்தைக் கெடுக்குமாம்! பெரிய ஞானி! நான் ஒரு படம் கேட்டால் எனக்கே பாடம் எடுக்கிறாயா?

தட்டானின் நிறத்தை நீங்களே யோசித்து வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். நாற்பது தாளில் நாற்பது நிறம். ஊதாப்பூ நிறத்தில்கூட ஒன்று இருக்கிறது. மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி மட்டும் வரையவில்லை. அவளிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், அது கிடக்கட்டும்.

நீ வருவாய் என்று தலைமையாசிரியையிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னைத் தலைகுனிய வைத்துவிடாதே.

அக்கா

ஜூலை 27

அக்கா,

நீ கேட்ட வண்ணப் படம் இதோடு இருக்கிறது. கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதைப் பார்.

அந்தத் தட்டான் செத்தது. நான்தான் கொன்றேன்.

குளிரில் பூச்சி அசையாது, பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் படம் எடுக்க வசதி என்று யாரோ சொன்னார்கள். டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தேன். அப்போது உன் போன் வந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினோம். உன்மேல் குற்றம் சொல்லவில்லை, மறந்தவன் நான். ஆனால் அன்றிலிருந்து உன் போன் மணி அடித்தாலே அந்த டப்பாதான் ஞாபகம் வருகிறது. அதனால்தான் எடுப்பதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் காலை அதைப் பசை வைத்துத் தண்டில் ஒட்டி, தண்ணீர் தெளித்துப் பனித்துளி செய்தேன். அதற்குள் அதன் சிவப்பு போய்விட்டது. கண் ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிட்டது. வண்ணத்தில் பார்த்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றினேன், உயிர் வந்துவிட்டது. சேறும் பொய், மூன்று மணி நேரமும் பொய்.

நூல் கட்டிய பையன்களாவது கடைசியில் அதைப் பறக்கவிட்டார்கள். வெட்கமாக இருக்கிறது அக்கா. போட்டிக்காரர்களுக்கு எழுதிப் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டேன். உன் வகுப்புச் சுவரில் இருப்பதை மட்டும் என்னால் கழற்ற முடியாது.

தம்பி

ஆகஸ்ட் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். இல்லை.

எனக்குத் தெரியும்டா. படத்தைப் பிரித்த அன்றே தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். உயிருள்ள தட்டான் தண்டைப் பற்றிக்கொண்டு உட்காரும். உன்னுடையதற்குக் கால்கள் நெஞ்சோடு மடிந்திருந்தன. பார்த்தேன். பார்க்காத மாதிரி ஆணி அடித்து மாட்டினேன். என் தம்பி ஒரு முறையாவது முதலாவதாக வந்திருக்கிறானே என்ற ஆசை. வண்ணப் படம் கேட்டதுகூட, நான் பார்த்தது தப்பு என்று அது காட்டாதா என்ற நப்பாசையில்தான்.

வரையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், இது தண்டைப் புடிக்கவே இல்லையே? செத்ததா?" வகுப்பு சிரித்தது. "அதிகப்பிரசங்கி, உக்காரு" என்று கத்தினேன். வகுப்பில் வேறு யாரும் பார்க்காததைப் பார்த்தவள் அவள். அன்றிலிருந்து அவள் கை தூக்குவதே இல்லை.

நேற்று அவளைத் தனியாகக் கூப்பிட்டு வண்ணப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பவே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்" என்றேன். அவள் படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீ பொய் சொன்னது படத்தில். நான் பொய் சொன்னது ஒரு குழந்தையிடம். வகுப்பு முன்னால் சத்தம் போட்டு அவளை உட்கார வைத்தேன், வகுப்பு முன்னால்தான் அவளிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, இருபதாம் தேதி விழாவில் அந்த வகுப்பும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நிற்கப் போகிறேன். தலைமையாசிரியையிடம் தலைப்பையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டாலும் நிற்பேன். ஆனால் பக்கத்தில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்கிறேன். எடுடா.

உன் அக்கா