படியில் உறைந்த பனி

பீல்
14.1.1986

அன்புள்ள செல்வராணிக்கு,

நீரும் பிள்ளையும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். நான் நலம். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது, பயப்படாதேயும்.

போன கிழமை வாசற்படியில் பனி கண்ணாடிபோல் உறைந்திருந்தது. நீர் வாங்கித் தந்த சப்பாத்தோடு காலை வைத்தேன், சறுக்கிவிட்டது. வலது மணிக்கட்டில் சின்ன வெடிப்பு, அவ்வளவுதான். வைத்தியச் செலவை வேலையிடத்துக் காப்புறுதி பார்க்கிறது.

இங்கே படிக்கு உப்புப் போடுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. எங்கள் வீட்டுக்காரி கெர்பர் அம்மாவின் கணவர்தான் அதைச் செய்துவந்தார். அவர் கார்த்திகையில் காலமானார். குறை சொல்வதாக நினைத்து அம்மா என்னை அறையை விடச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், தொழிற்சாலையில் விழுந்ததாக அவரிடம் சொன்னேன்.

"பொய் சொல்லாதையும். நீர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது," என்றார். அவர் பேசும் டொச், அதாவது ஜெர்மன் பாஷை, எனக்குக் கொஞ்சம்தான் விளங்கும். மேலும் சொன்னதில் விளங்கியது இதுதான்: "உப்புப் போடாதது என்ரை பிழை. இதுக்குத்தானே நான் காப்புறுதி கட்டுறன்?"

அன்றைக்கே காப்புறுதிக்காரருக்குத் தானே அறிவித்தார். கணவரின் பனிச் சப்பாத்தைக் கொண்டுவந்து என் காலில் போட்டுவிட்டார். அடி சறுக்காது, கொஞ்சம் பெரிது. என்னால் கட்ட முடியாததால் குனிந்து கயிற்றையும் கட்டினார். எனக்கு உம்முடைய நினைவு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு உதவி. உம்முடைய குரலைக் கசெட்டில் பதிந்து அனுப்பும். என்ன கதைப்பதென்று யோசிக்க வேண்டாம். சமைக்கும்போது பக்கத்தில் வைத்தால் போதும்.

தபாற்கந்தோருக்குப் போக வேண்டும்; என்னோடு அறையில் இருக்கும் யோகராஜா, எனக்குக் கயிறு கட்டிவிட அந்தப் பனிச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

உமது
குகநாதன்