திரை கட்டிய சைடுகாரில் உன் அம்மா

மயிலாப்பூர், கச்சேரி ரோடு
12 பிப்ரவரி 1934, திங்கள்

என் கண்ணான மகள் நஸ்ருன்னிசாவுக்கு அத்தா ஷரீஃப் சொல்லும் ஸலாமும் துஆவும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை இனாயத்தும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அதைவிட ஒரு பங்கு கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உறையைப் பார்த்ததும் இது யாருடைய கையெழுத்து என்று யோசித்திருப்பாய். முன்ஷி கரீமுல்லா எழுதியது இல்லை அம்மா, நான் எழுதியது. பட்டறையில் மோட்டார் வண்டிகளுக்கு ஹூடும் குஷனும் தைத்துவிட்டு, மாலையில் தொழிலாளர் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு வருஷமாக எழுதக் கற்றுக்கொண்டேன். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், முதல் கடிதமே சொல்லட்டும் என்று. இதை எழுதுவதற்காகவே இன்று பட்டறைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காலையில் உட்கார்ந்தவன், உன் அம்மா இரண்டு தடவை சோற்றுக்குக் கூப்பிட்டுவிட்டாள், இன்னும் முதல் பக்கம் தாண்டவில்லை.

சொந்தக் கையால் எழுதுவதில் ஒரு பெரிய சௌகரியம், முன்ஷியிடம் சொல்ல முடியாததை எல்லாம் எழுதலாம். அதனால் முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கப்பலில் வர முடியாது என்று மூன்று கடிதத்தில் எழுதச் சொன்னேனே, அது உண்மை இல்லை. அவளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. பயம்தான். போன தடவை பிரசவத்தில் நீ தனியாகக் கிடந்து பிள்ளையையும் பறிகொடுத்தாய். அன்றுமுதல் அவள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. இருந்தும் கப்பல் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். கடலுக்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அறியாத ஆம்பளைங்க நடுவே நாலு நாள் இருக்கணும், தாகம் எடுத்தா யார்கிட்ட வாய் திறந்து தண்ணி கேப்பேன் என்று அழுவாள். திரைக்குப் பின்னால் கோஷாவிலேயே இருந்த பெண், என் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தால்கூட உள்ளேயிருந்து குரல் வராது. எனக்கோ பட்டறையில் இரண்டு மாதம் லீவு கிடையாது. பக்கத்து வீட்டு ஜைதூன் பீ மார்ச் ஆறாம் தேதி தன் மகனைப் பார்க்க ரங்கூனுக்குக் கப்பல் ஏறுகிறாள். அதற்குள் அம்மா சம்மதித்தால் துணையோடு வருவாள், இல்லாவிட்டால் இந்தத் தடவையும் நீ தனியாகத்தான் என்று இருந்தது. இதை நினைத்து நான் தூங்காத இரவு உண்டு.

இங்கேதான் மோட்டார் சைக்கிள் கதை வருகிறது. சிந்தாதிரிப்பேட்டை ரங்கனை உனக்குத் தெரியும், எங்கள் பட்டறை ஃபிட்டர். ஊருக்குப் போன ஒரு துரையிடமிருந்து பக்கத்தில் தொட்டி மாதிரி சைடுகார் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினான். சாந்தோம் மரியசெல்வம் அடையாற்றில் ஒரு டாக்டர் வீட்டு டிரைவர், அவனிடமும் ஒரு வண்டி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூன்று பேரும் கிளம்பிவிடுவோம். செங்குன்றம் ஏரி, எண்ணூர், கோவளம் என்று இரண்டு வருஷமாகச் சுற்றாத இடம் இல்லை. காற்று முகத்தில் அடிக்கும்போது வயசு எங்கே போகிறது என்றே தெரியாது நஸ்ருன், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். சைடுகாரில் நான் ராஜா மாதிரி உட்கார்ந்து போவேன். ஒரு நாள் அதில் உட்கார்ந்தபடியே எனக்கு அந்த யோசனை வந்தது. கப்பலுக்கு முன்னால் சைடுகாரில் பழக்கினால் என்ன? ஹூடு துணியில் நாலு பக்கமும் திரை தைத்து, பித்தளை வளையம் போட்டுக் கட்டினேன். ரங்கன் பார்த்துவிட்டு, இன்னா பாய், என் வண்டிக்கு முக்காடு போட்டுட்டியே என்றான். ஆனாலும் அவனும் மரியசெல்வமும் தங்கமான மனிதர்கள். உன் அம்மா ஏறும்போதும் இறங்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அந்தத் திரைப்பக்கம் கண்ணே போகாது.

முதல் நாள் அடையாறு பாலம் வரை. அன்று திரைக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. இரண்டாம் தடவை கிண்டி, மூன்றாம் தடவை பல்லாவரம். ரங்கனுக்குப் பின்னால் நான் உட்கார்ந்துகொண்டு, மைல் கல்லில் எழுதியிருப்பதை எல்லாம் திரைக்குள் கேட்கும்படி கத்திப் படிப்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள், மற்ற ஆண்கள் முன்னால் என்றைக்குச் சொன்னாள்? நோன்பு மாதத்தில் நிறுத்தி, பெருநாளுக்குப் பிறகு மறுபடி ஆரம்பித்தோம். சென்ற ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு, ஒரே போக்காக மாமல்லபுரம் போய்க் கடலைக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். செங்கல்பட்டு தாண்டி திருக்கழுக்குன்றம் சாலையில் ஒரு புளியந்தோப்பு, பக்கத்தில் குளம், ஒரு டீக்கடை. என்ஜின் ஆறட்டும் என்று நின்றோம். நாங்கள் டீ குடித்து, வெற்றிலை போட்டுக் கிளம்பினோம். நான் திரைப்பக்கம் குனிந்து, என்ன அமீனா புறப்படலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. பதில் இல்லை என்றால் சரி என்றுதானே இத்தனை வருஷமாக எங்கள் கணக்கு, ரங்கன் வண்டியை விட்டான்.

ஏழு மைல் போனோம் அம்மா. ஏழு மைலும் நான் வாய் மூடவில்லை. அதோ மலை தெரிகிறது, உச்சியில் கோயில் தெரிகிறது, நெல் அறுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரங்கன்கூட, தங்கச்சிக்குக் காது வலிக்கப் போவுது பாய், கொஞ்சம் விடு என்றான். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கொய்யாப்பழம் வாங்கித் திரைக்குள் நீட்டினேன். வாங்க கை வரவில்லை. கோபமாக்கும் என்று இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அப்புறம்தான் திரையை விலக்கினேன். உள்ளே கூஜாவும் அவள் விசிறியும் மட்டும் இருந்தன.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. முகம் கழுவக் குளத்துப் படிக்கட்டுக்குப் போயிருக்கிறாள், யாரும் அந்தப் பக்கம் பார்க்காததால் இறங்கினதும் தெரியவில்லை, ஏறாததும் தெரியவில்லை. மரியசெல்வம் சிலுவை போட்டுக்கொண்டான். ரங்கன் வண்டியைத் திருப்பிய வேகத்தில் சைடுகார் ஒரு முழம் தூக்கி விழுந்தது. வழியில் ஒரு பஸ் எதிரே போனது, நாங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். இனி இந்தப் பெண்பிள்ளை வாசற்படி தாண்ட மாட்டாள், என் மகள் தனியாகத்தான் கிடக்கப் போகிறாள், அதற்குக் காரணம் நானே. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். வெள்ளைத் துப்பட்டி போட்ட அம்மாதானே, பஸ்ஸ நிறுத்தி ஏறிப் போயிட்டாங்களே என்றார். எதிரே போனது அதே பஸ்தான். மறுபடியும் திருப்பினோம்.

திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கிற இடத்தில், பழக் கூடைக்காரிகள் நடுவே உட்கார்ந்திருந்தாள். துப்பட்டி முகத்தைவிட்டு மேலே ஏறியிருந்தது. கையில் கொய்யாப்பழம், பாதி தின்றிருந்தாள். தனியாக நின்றவள் முதலில் அழுதாளாம். அப்புறம் பஸ் வருவதைப் பார்த்ததும் நடு ரோட்டில் போய்க் கையை நீட்டிவிட்டாள். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறான். முன்னாடி மோட்டார் சைக்கிள்ல மூணு கிழவனுங்க போய்க்கினு கீறாங்க, அவங்க எங்க போறாங்களோ அங்க போவணும் என்றாளாம். பஸ்ஸே சிரித்ததாம். சிரிக்காதீங்க, அதுல ஒருத்தர் என் வீட்டுக்காரர் என்று சொன்னாளாம். பக்கத்துப் பெண் ஒருத்தியிடம் வாய் திறந்து தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்திருக்கிறாள். எங்களைக் கண்டதும், நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக என் சிநேகிதர்கள் காதில் விழும்படி பேசினாள். மூணு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு பொம்பளைய எண்ணத் தெரியல, இந்த லட்சணத்துல நீங்க என்னைக் கப்பலுக்குப் பழக்கப் போறீங்களாக்கும் என்றாள். ரங்கன் தலையைச் சொறிந்துகொண்டு, தப்புதான் தங்கச்சி, செருப்பால அடி என்றான். செருப்பு தேயும், வண்டியை எடுங்க அண்ணே, கடலைப் பாக்கணும் என்றாள். நான் ஓடிப்போய்த் திரையைத் தூக்கிப் பிடித்தேன்.

கால்வாயில் படகு ஏறிக் கடந்து மாமல்லபுரம் போனோம். அலைக்குப் பக்கத்தில் போய் வெகு நேரம் நின்றாள். பிறகு மரியசெல்வத்தைப் பார்த்து, அண்ணே, நீங்க கடக்கரைக்காரர், உண்மையச் சொல்லுங்க, கப்பல்ல போனா வாந்தி வருமா என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை. வரும் தங்கச்சி, ரெண்டு நாளு குடலைப் புடுங்கும், மூணாம் நாளு அகோரப் பசி எடுக்கும் என்றான். அப்ப ஊறுகாய் எடுத்துக்கணும் என்றாள். அவ்வளவுதான் நஸ்ருன். அதுதான் சம்மதம். திரும்பி வரும்போது திரையில் ஒரு ஜன்னல் வைக்கச் சொன்னாள். மோட்டார் ஹூடில் வைக்கிற மைக்கா கண்ணாடி ஒரு துண்டு எடுத்து அந்த வாரமே தைத்துக் கொடுத்தேன்.

நேற்று ஞாயிறு, அவளே துறைமுகத்துக்குப் போகலாம் என்றாள். மைக்கா ஜன்னல் வழியாக வழி நெடுகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு கப்பல் நின்றிருந்தது. ஏறுகிற படிகளை ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினாள், இவ்வளவுதானா என்றாள். இன்று காலை முதல் வேலையாக ஜைதூன் பீயின் டிக்கெட்டோடு உன் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவள் உன் பக்கத்தில் இருப்பாள். பிரசவம் பெருநாளுக்குப் பிறகு என்று எழுதியிருந்தாய், வயிற்றில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லிவை, அதற்கு முன்னால் அவசரப்பட வேண்டாம் என்று. கனமானதைத் தூக்காதே, மாடிப்படி ஏறி இறங்காதே, மாப்பிள்ளை சொல்வதைக் கேள். நான் தனியாக என்ன செய்வேன் என்று கவலைப்படாதே, ரங்கன் வீட்டில் சோறு உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு.

உனக்கும் பிள்ளைக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் அல்லாஹ் நிறையத் தரட்டும். மாப்பிள்ளைக்கு என் ஸலாம். மார்ச் பத்தாம் தேதி காலையிலேயே அவரைக் கப்பல் துறைக்கு அனுப்பிவை, மறந்துவிடாதே. அம்மா இறங்கி வருவாள்.

உன் அத்தா
ஷரீஃப்