வெளிச்சம் இருந்தால் எடுக்கும் கேமரா

அன்பு மகன் தினகரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையைத் தவிர மற்றபடி எல்லோரும் சுகம், அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று பாதியில் போனை வாங்கிக்கொள்கிறாள், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் யுவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ வீட்டில் விட்டுப்போன கேமராவை வைத்துக் கல்யாண வேலை பார்க்க முடியுமா, முடியும் என்றால் கடை வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன், நம் எஸ்டேட் லயத்து வீட்டுக் கருப்பம்மா மகள் கோகிலவாணி கல்யாணத்தில் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். எடுத்துப் பார்த்தேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பேட்டரி நிற்கிறது, ஒருதடவை சார்ஜ் போட்டால் போட்டதே மறந்துபோகிறது. உன் அம்மாவின் விரலுக்குப் போன் மசிவதில்லை, தேயிலைக் கொழுந்து எடுத்துக் காய்த்த விரல், எவ்வளவு தேய்த்தாலும் போன் சும்மா கிடக்கும். இதில் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் டக்கென்று சத்தம் வருகிறது, எடுத்தது எடுத்தவருக்குத் தெரிகிறது. அம்மா கோழியை எடுத்தாள், கோழி நன்றாக வந்திருக்கிறது. கெட்டது என்றால் கனம், கழுத்து வலிக்கிறது. அப்புறம் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், அரிசிக்குள் புதைத்து வையுங்கள் என்று கோத்தகிரி ஸ்டூடியோ ஜெர்சன் சொன்னார். அரிசியைவிடத் தேயிலைத்தூள்தான் ஈரத்தை இழுக்கும் என்று அம்மா தூள் டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். ஈரம் போய்விட்டது. இப்போது லென்ஸைத் திருகினால் நறநற என்கிறது. ஜெர்சன் பிரஷ் வைத்துத் தட்டியபோது ஒரு டீக்கு ஆகிற தூள் விழுந்தது. படத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை என்றார், "ஏனுங்க்கா, அடுத்த தடவ சக்கரைல போட்டு வெச்சுராதீங்க" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

கல்யாணத்துக்கு அரவேணு போகிற வழியில் காட்டெருமை ஒன்று ரோட்டை மறித்து நின்றது. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, அடித்தால் அது தன்னைப் பார்க்கும் என்றார். நான் ஜன்னல் வழியாக எடுத்தேன், தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொடுக்கிறது, ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. அசையாமல் நிற்பதற்கு நல்ல கேமரா. மாப்பிள்ளை அப்படி நிற்கவில்லை. வெளியே பனிமூட்டம், மண்டபத்துக்குள் ஓமப்புகை, ஒரு ட்யூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவர் தாலியைக் கையில் எடுத்ததும் பட்டனை அழுத்தினேன். கேமரா மூக்கை முன்னே நீட்டியது, பின்னே இழுத்தது, மறுபடி நீட்டியது, எங்கே பார்ப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தாலி கட்டி, எல்லோரும் அட்சதை போட்டு முடித்து, மாப்பிள்ளை மூக்கைத் துடைக்கும்போது டக்கென்றது. அந்த ஒன்றும் ரவை கொட்டியதுபோல் புள்ளிபுள்ளியாக இருக்கிறது. ஃபிளாஷ் போட்டால் புகைதான் வெள்ளையாக வருகிறது, மாப்பிள்ளை வரவில்லை. கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்திருந்த ஜெர்சன் தன் பெரிய கேமராவில் எடுத்துவிட்டார், இல்லையென்றால் கோகிலவாணி கல்யாண ஆல்பத்தில் அந்தக் காட்டெருமைதான் இருந்திருக்கும்.

மத்தியானம் வெயில் வந்ததும் தேயிலைச் செடி ஓரம் கருப்பம்மாவை நிறுத்தி எடுத்தேன். அதை ஜெர்சனே வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார். "வெளிச்சம் இருந்தா இது ராசாங்ணா, இல்லீன்னா கண்ணு தெரியாதுங்க. தொழில் கத்துக்கலாங்க, தொழில் பண்ண முடியாதுங்க. வெயில் வர்ற வரைக்கும் முகூர்த்தத்த நிறுத்தி வெக்க முடியுங்களா" என்றார். யோசித்துப் பார்த்தேன், முடியாது. நம் பக்கத்தில் எல்லாம் விடியற்காலை முகூர்த்தம். ஒரு வீட்டில் தாலிகட்டைத் தவறவிட்டால் அடுத்த வீட்டில் கூப்பிடமாட்டார்கள். அதனால் மகனே, இந்தக் கேமராவை நம்பி வேலையை விடாதே. இருட்டில் எடுக்கிற கேமரா ஒன்று உன் கைக்கு வரட்டும், பிறகு வா.

உன் அம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "கேமரா தங்கமா இருக்குன்னு எழுதிப்போடுங்க, புள்ள வந்து சேரட்டும், மிச்சத்த அவனே பாத்துக்குவான்" என்று கல்யாணத்திலிருந்து திரும்பியதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்தால் எனக்கு மட்டும் கசக்குமா. நீ போன பிறகு இங்கே டிவி ரிமோட்டுக்குச் சண்டையே இல்லை, நான் பாட்டுக்குச் செய்தி பார்க்கிறேன், நன்றாகவே இல்லை. ஆனாலும் நீ இருட்டு மண்டபத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, அப்பா பொய் எழுதி வரவழைத்துவிட்டார் என்று உனக்குத் தோன்றக்கூடாது. எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு, "சரி, கேமரா நல்லால்ல. லீவு போட்டு வந்து நாலு நாளு இருந்துட்டுப் போறதுக்குமா அது நல்லாருக்கணும்? அதையும் எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசி காற்றில் தலையைக் காட்டிப் படுக்காதே. எல்லாச் சாமியும் உனக்குத் துணை இருக்கட்டும். லீவு எப்போது என்பதை அம்மாவிடமே போனில் சொல், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா அழகையா