பின்பாதியை நொறுக்க வேண்டாம்

அனுப்புநர்:
எக்ஸ்ரே நிபுணர் (பணி ஓய்வு),
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு வாகனப் பதிவு அதிகாரி அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: பறிமுதல் செய்யப்பட்ட எனது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வரும் வியாழக்கிழமை நொறுக்குமாறு இட்ட உத்தரவை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கார் இரண்டே இருக்கை கொண்டது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. பணி ஓய்வு பெற்றபோது வாங்கினேன். என் மனைவி அதை "உங்க சின்ன வீடு" என்றுதான் சொல்வாள். மழை நாளில் அதை வெளியே எடுத்ததே இல்லை. இப்போது தங்கள் கிடங்கில் துணிக்கூரை இல்லாமல் நனைந்துகொண்டிருக்கிறது. கூரையைக் கழற்றியது யார் என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்.

2. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. முதலில் யார் ஓட்டினார், முதல் பெயின்ட் என்ன நிறம் என்று தோண்டிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அது பிடித்தது. ஒருநாள் தரைவிரிப்பை உரித்துப் பார்த்தபோது, இருக்கைகளுக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தின் குறுக்கே ஒரு வெல்டிங் கோடு தெரிந்தது. முறிந்த எலும்பு கூடிய இடத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவன் நான், உடனே புரிந்துவிட்டது. கோட்டுக்கு முன்னால் ஒரு சேஸிஸ் எண், பின்னால் வேறொரு எண்.

3. வெல்டிங் வைத்த மெக்கானிக் இப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவியைத் தேடிப் பிடித்தேன். "ரெண்டு செத்த வண்டியைச் சேத்து ஒண்ணுக்கு உசுரு குடுத்தாரு. அதுல என்னங்க தப்பு?" என்று என்னையே கேட்டார். முன்பாதி, பின்பக்கம் தீப்பிடித்த ஒரு காருடையது; அதன் சொந்தக்காரர் வெளிநாடு போய்விட்டார். பின்பாதி, லாரியில் மோதி முன்பக்கம் நசுங்கிய காருடையது. அது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு வண்டி என்றும், கடையை இப்போது மகள் நடத்துகிறார் என்றும் சொன்னார்.

4. இங்கேதான், ஐயா, சொந்தக் காசில் எனக்கே சூனியம் வைத்துக்கொண்டேன். இரண்டு எண்களும் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும், அதுதான் முறை என்று தங்கள் அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். பாராட்டுவார்கள் என்றுகூட நினைத்தேன். வந்த ஆய்வாளர் கோட்டின் மேல் டார்ச் அடித்தார். "இது வண்டியே இல்ல சார், ரெண்டு பாதி" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போய்விட்டார். "நீங்களே எழுதிக் குடுத்துட்டு நீங்களே அழுதா எப்படி சார்?" என்றார் தங்கள் எழுத்தர். இருவரும் சட்டப்படிதான் பேசினார்கள்.

5. இதை எனக்காக மட்டும் எழுதவில்லை. பறிமுதலுக்கு முன்பு கண்ணாடிக் கடைக்குப் போய், போனில் இருந்த படத்தை அந்த அம்மையாரிடம் காட்டியிருந்தேன். கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு கைப்பிடி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. பெட்டி கட்டுகிற வளையங்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். சிறு வயதில் அவரும் அவர் தம்பியும் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் நெருக்கி உட்காரும்போது பிடித்துக்கொள்ள, அவர்களுடைய அப்பா பற்றவைத்துக் கொடுத்தவை அவை. "இடது பக்கம் அவனோடது. என்னைத் தொடவே விடமாட்டான்" என்றார். விபத்து நடந்த அன்று இவருக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாவும் தம்பியும் திரும்பி வரவில்லை. துக்கம் தாங்காத அம்மா பையனின் சட்டை, படம், பொம்மை ஒன்றையும் வீட்டில் வைக்கவில்லை. பேச்சை எடுக்கவும் விடவில்லை. தம்பி தொட்டது என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தக் கைப்பிடிதான்.

6. "ஞாயித்துக்கிழமை கடை லீவு. வந்து ஒரு தடவை பிடிச்சுப் பாத்துக்கறேன்" என்றார். வெள்ளிக்கிழமையே தாங்கள் காரை எடுத்துக்கொண்டீர்கள். நேற்று அவரைக் கிடங்குக்கு அழைத்து வந்தேன். "ஓனர் மட்டும்தான் உள்ள வரலாம்" என்று காவலாளி மறித்துவிட்டார். கார் வாசலைப் பார்த்து நிற்கிறது. கம்பிவலைக்கு வெளியே நின்ற அவருக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவருடைய முன்பாதிதான். கொஞ்ச நேரம் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லண்ணே, கடையைத் திறக்கணும்" என்று கிளம்பினார். மாலையில் அந்தப் பக்கம் போனேன். கடை பூட்டியே கிடந்தது.

7. காரை என்னிடம் திருப்பித் தந்தால் ஓட்டமாட்டேன் என்று எழுதித் தரவும் தயார். அது முடியாது, இரண்டு பாதி சேர்ந்து ஒரு வண்டி ஆகாது என்பதே சட்டம் என்றால், பிரித்துவிடுங்கள். வெட்ட வேண்டிய கோட்டைச் சாக்பீஸால் நானே குறித்துத் தருகிறேன். வெட்டுகிற ஆளையும் கூட்டி வருகிறேன். பின்பாதியை அந்த அம்மையாரிடம் ஒப்படைக்க உத்தரவிட வேண்டுகிறேன். முன்பாதியைத் தாங்கள் வியாழக்கிழமையே நொறுக்கிக்கொள்ளலாம். அது பற்றி இனி மனு அனுப்பமாட்டேன்.

இடம்: வாகனக் கிடங்கு வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை

தங்கள் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
காரின் உரிமையாளர்