வண்டிக் கதவில் ஒரு பெயர்

பெரிய காஞ்சிபுரம்

அன்புள்ள சந்தோஷுக்கு,

என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே நானும் உன் தங்கை சந்தியாவும் நலம், அங்கே கனடாவில் நீயும் திரிஷாவும் பிள்ளையும் ஆண்டவர் அருளால் நலமாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

அப்பா போனதிலிருந்து ஓடாமல் கிடந்த பழைய பிக்கப் வண்டி தயாராகிவிட்டது. ஒரு வருஷமாக நம் வாசல்தான் பட்டறை, முருங்கை மரத்தடியில் எஞ்சின் ஒரு பக்கம், கதவுகள் ஒரு பக்கம். துரு தின்ற அடித்தகட்டைச் சந்தியாவே வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாள், பின்னால் மழை புகாத கூண்டு கட்டி உள்ளே மரச்சட்டங்கள் பொருத்தியிருக்கிறாள், பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைகளிலிருந்து பட்டு நூலைக் கசங்காமல் தொங்கவிட்டு ஏற்றிப்போகலாமாம். அப்பா வண்டியைக் கெடுக்கிறாள், பழையபடியே இருக்கட்டும் என்று நீ போனில் சத்தம் போட்டாய். உன் அப்பாவே அதில் பிரேக்கை மாற்றினார், சீட்டை மாற்றினார், ஹாரனை எத்தனையோ தடவை மாற்றினார். எந்தப் பழையபடி என்று நீதான் சொல்லவேண்டும்.

கதவில் 'தேவசகாயம் அண்ட் சன்' என்று இருந்தது, அவள் அனுப்பிய போட்டோவில் இல்லை என்பதைப் பார்த்ததிலிருந்து நீ அவளோடு பேசுவதில்லை. அதை எடுத்தது அவள் இல்லை. பெயிண்டர் முருகேசன் வந்து, அந்த 'சன்' இருக்கட்டுமா, எடுத்துடவாம்மா, அவுருதான் ஊர்லயே இல்லியே என்று கேட்டான், இருக்கட்டும்ணா, எங்கண்ணன் பாத்தா சந்தோஷப்படும் என்றாள் சந்தியா. நான்தான் எடுக்கச் சொன்னேன். நீ பிறந்த வருஷம் அப்பா ஆசையாக எழுதவைத்தது அது, எனக்குத் தெரியாதா. ஆனால் ஓட்டுகிறவள் ஒருத்தி, பெயர் இன்னொருவனுக்கு என்றால் அது பிழையான வாக்கியம், கன்னியர் மடத்துப் பள்ளியில் இலக்கணம் படித்த நான் அதை என் வாசலில் நிறுத்திவைக்க மாட்டேன்.

அண்ட் டாட்டர் என்று எழுதச் சொன்னேன், காலையில் பார்த்தால் 'தேவசகாயம் அண்ட் டாக்டர்'. எதிர்வீட்டுத் தில்லையம்மாள், இன்னாமா சந்தியா, எப்போ டாக்டருக்குப் படிச்சே, எனக்கொரு ஊசி போட்டுட்டுப் போ என்கிறாள். முருகேசனைக் கேட்டால், டாட்டர்னு யாருமா எழுதறாங்க, நடுவுல எழுத்து மாறிப்போச்சுன்னு நான்தான் சரிபண்ணேன் என்கிறான். இங்கிலீஷே வேண்டாம் என்று 'தேவசகாயம் மகள்' என எழுதவைத்தேன், ளகரம் முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

தெருவே பார்த்துப் பாராட்டியது, சந்தியா மட்டும் முகம் கொடுக்கவில்லை, அண்ணன் என்னைத்தாம்மா தப்பா நினைக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீ இந்த வீட்டு மகன் என்பது யாரும் எழுதித் தெரியவேண்டியதில்லை சந்தோஷ். உன் படிப்பு, உன் வேலை, உன் ஊர் என்று உனக்கு எத்தனையோ இடத்தில் பெயர் இருக்கிறது, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளுக்கு அந்த ஒரு கதவுதான்.

ஈஸ்டர் கழிந்து முதல் லோடு ஏற்றுகிறாள். அதற்குமுன் போன் செய், எனக்கல்ல, அவளுக்கு. கோபம் மிச்சமிருந்தால் என்மேல் வைத்துக்கொள், நான் தாங்குவேன், அவள் தாங்கமாட்டாள்.

திரிஷாவுக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உங்களை நிழல்போல் காக்கட்டும்.

உன் அம்மா,
ஆரோக்கியமேரி தேவசகாயம்