குரங்கு தின்ற தவக்காலம்

4.4.94 திங்கள்
காலை எட்டுக்கே வெயில் மண்டையில். நான் வருகை ரிஜிஸ்டர் எழுதும் டைம் ஆபீஸில் ஃபேன் இன்னும் ரிப்பேர்.

வெளியே சொல்ல முடியாதது, இங்கே. தவக்காலம் நாற்பது நாளும் நான் மதியச் சாப்பாடு தொடவில்லை என்று ஷூ கம்பெனி முழுக்கப் பேர். தொடவில்லைதான். என் மனைவி எஸ்தர் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை ஜன்னல் வழியாகக் குரங்குக்குக் கொட்டினேன்.

எல்லாம் வீம்பு. கட்டிங் மாஸ்டர் கரீம் பாய் ரம்ஜான் நோன்பில் எச்சில்கூட விழுங்காமல் தோல் வெட்டினார். "எங்களுக்கும் உண்டு பாய்" என்று வாயை விட்டேன். அல்சர்காரன் பட்டினி என்று எஸ்தருக்குத் தெரிந்தால் டிபன் பாக்ஸ் என் தலையில். ஆகவே அவளுக்குத் தெரியாது.

நேற்று ஈஸ்டர். இன்று நானே சாப்பிட்டேன். எலுமிச்சை சாதம், முட்டை. மதிய பெல் அடித்ததும் குரங்குக் கூட்டம் பின்னாலுள்ள பாறையிலிருந்து இறங்கி வந்தாயிற்று. கூட்டத்தின் பெரிய கடுவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்டையையே பார்த்தது. பந்தியில் இலை கிடைக்காத சம்பந்தி மாதிரி. ஜன்னலைச் சாத்தினேன். அரை மணி நேரம் தட்டியது.

5.4.94 செவ்வாய்
கெட்ட நாள்.

செக்கிங் செக்‌ஷன் ஸ்டெல்லா கேன்டீனுக்குப் போகும்போது கடுவன் அவள் டிபன் பாக்ஸைப் பிடித்து இழுத்தது. அவள் விடவில்லை. வலது மணிக்கட்டில் கடி. இரண்டு பல் ஆழம். பெண்கள் கத்தியதில் தையல் மெஷின் அத்தனையும் நின்றது.

ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் நானும் போனேன். நர்ஸம்மா கேட்டார்கள்: "யாரு சோறு போட்டுப் பழக்குனது?"
நான் சுவரில் ஒட்டியிருந்த போலியோ நோட்டீஸை மிகவும் கவனமாகப் படித்தேன்.

ஊசி ஐந்து. இன்று முதலாவது.

6.4.94 புதன்
மேனேஜர் கூப்பிட்டார்.
"யோவ் ஞானம், கம்பெனியில யாரு வூட்ல இன்னா கொழம்புன்னு உனக்குத்தான் தெரியும். குரங்குக்கு யாரு போட்டதுன்னு கண்டுபுடிச்சு ரிப்போர்ட் குடு. திங்கக்கிழமை."
"சரி சார்."
"வாட்ச்மேன்தான்னு நினைக்கிறேன். கேட்டுல சும்மா உக்காந்துனு இருக்கிறவன். அவனா இருந்தா வூட்டுக்கு அனுப்பிடலாம்."

திருடனைக் கூப்பிட்டு லத்தியைக் கொடுத்த கதை. முனுசாமி பதினேழு வருஷமாக கேட்டில். மூன்று பெண் குழந்தைகள். மேனேஜர் ஏன் முதல் வாயிலேயே அவன் பேரை எடுத்தார்? தெரியவில்லை.

சந்தேகப் பட்டியல்:
1. கேன்டீன் பிலோமினா. பழைய பன்.
2. ஸ்டோர்ஸ் முருகேசன். சனிக்கிழமை வாழைப்பழம். ஆஞ்சநேயர் வேண்டுதல்.
3. கரீம் பாய். முகத்தில் ஒரு புண்ணியக்களை.
4. முனுசாமி (மேனேஜர் உபயம்).
5. (இந்த இடம் காலி.)

7.4.94 வியாழன்
விசாரணை. தொப்பைதான் இடிக்கிறது, மற்றபடி சி.ஐ.டி. நடை.

பிலோமினா: "நான் போட்டா இன்னா, போடாட்டி இன்னா? நீ போய் முருகேசனக் கேளு."
முருகேசன்: "சாமிக்கு வச்சேன் சார். அது வந்து எடுத்துக்கிச்சு. நானா ஊட்டி வுட்டேன்?"

முனுசாமி அழவில்லை, அதுதான் கஷ்டம். "நான் கல்லு வுட்டுத் தொரத்துனவன் சார். அதுங்க என்னப் பார்த்தாதான் ஓடும். யாரை வேணா கேளு." கேட்க வேண்டியதில்லை. ஜன்னலுக்கு வெளியே அவன் கல் விட்ட நாளில் எரிச்சலாகி, "பாவம்யா, வாயில்லா ஜீவன்" என்று அதட்டியவன் நான்.

கடைசியில் கரீம் பாய். தோலில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே, நிமிராமல்: "பேரீச்சங்கொட்ட, சமோசா முனை, அவ்ளோதான் சார் நான். ஆனா தயிர்சாதம் யாருதுன்னு தெரியும்."
"எப்போதிலிருந்து?"
"முதல் நாள்லேர்ந்து. நோன்பு நேரத்துல அடுத்தவன் குறை பேசக் கூடாது. அதான் பேசல. இப்ப நோன்பு முடிஞ்சுபோச்சு, தோஸ்த்."

சிரித்தாரா மிரட்டினாரா? மதியம் சாப்பிடவில்லை. இது நிஜப் பட்டினி.

9.4.94 சனி
ஃபாரஸ்ட் ஆள் கூண்டோடு வந்தார். உள்ளே வாழைப்பழம். பத்தே நிமிஷம். குரங்குகள் பயமே இல்லாமல் நடந்து உள்ளே போயின, கேன்டீனுக்குப் போவது மாதிரி.

"இத எங்கே விடுவீங்க?"
"மலைக்கு அந்தாண்ட. அங்க வேற கூட்டம் இருக்குது. இதுங்கள சேக்காது, கடிச்சுக் கொதறும். இதுங்களுக்குப் பழம் பறிக்கவும் மறந்துபோயிருக்கும். நீங்க போட்டது சோறு இல்ல சார்."
"நான் இல்லை" என்றேன். யாரும் கேட்கவில்லை.

குட்டி ஒன்று கூண்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்த தாயின் கையைக் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதையும் சாக்கில் போட்டார்கள். கடுவன் மட்டும் அகப்படவில்லை. பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

ஸ்டெல்லா வந்து இடது கையால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். எறும்பு மையில் நடந்த மாதிரி. விரல் மடக்க வரவில்லையாம். "சரியாயிடும்ணே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

10.4.94 ஞாயிறு
கோயிலுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று பொய்.

மத்தியானம் எஸ்தரிடம் சொல்லிவிட்டேன். அடிக்கவில்லை. "நாப்பது நாளு காலையில நாலரைக்கு எழுந்து குரங்குக்கா சமைச்சேன்?" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே: "அந்த வாட்ச்மேன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

ரிப்போர்ட் எழுதினேன். ஐந்தாம் இடத்தை நிரப்பினேன். பிறகு அதை முதல் இடத்துக்கு மாற்றி மறுபடி எழுதினேன். முனுசாமி பேர் கிடையாது.

11.4.94 திங்கள்
புழுக்கம். கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் படித்தார். சிரித்தார். "நீயாய்யா? நோன்பு இருந்தேன்னியே!" பேப்பரை டிராயரில் போட்டார்.
"எனக்கு மெமோ கொடுங்க சார்."
"ரிஜிஸ்டர் பாக்க ஆள் வேணுமே. போய் வேலையப் பாரு."
"அப்போ முனுசாமி?"
"பதினஞ்சாந் தேதியோட கணக்கு முடிச்சிடு. கேட்டு வேலை செக்யூரிட்டி கம்பெனிக்குப் போவுது."

சாயந்திரம் அந்தக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் ஃபைலில் வைக்கச் சொல்லி என் மேஜைக்கு வந்தது. நான்கு பக்கம், ரப்பர் ஸ்டாம்ப், இரண்டு கையெழுத்து. மேனேஜர் கையெழுத்துக்குக் கீழே தேதி: 18.3.94.

ஸ்டெல்லாவைக் குரங்கு கடித்தது ஏப்ரல் 5.