இரண்டாவது ஜெர்வாசியோ

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி குறைந்ததா? ரொசாரியோவில் வெயில் தொடங்கியிருக்கும். இங்கே மலையெல்லாம் பனி. நான் நலம்.

ஜெர்வாசியோ தாத்தா இந்த ஊரில் பிறந்தவர் என்று காட்டினால்தான் எனக்குக் குடியுரிமை கிடைத்து, நான் இத்தாலியில் தங்கி வேலை பார்க்க முடியும். நேற்று ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர் இலாரியோ பிறப்புப் பதிவைக் கண்டுபிடித்தார். கூடவே இறப்புப் பதிவும் இருந்தது.

“உங்க தாத்தா கைக்குழந்தையிலேயே போயிட்டாரே டீச்சர்! அப்போ அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினது யாரு, பேயா?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்; வீடு வந்ததும் நடந்ததைச் சொன்னேன்.

நான் கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் பாட்டி நீவெஸ் அம்மாள் திட்டினார்: “போடி மக்கு டீச்சரே! செத்த பிள்ளை பேரை அடுத்ததுக்கு வைக்கிறது இங்க வழக்கமாச்சே. நானே ரெண்டாவது நீவெஸ்தான்.”

நம் ஊரில் நான் பாடம் நடத்திய வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஒருவன் மதிப்பெண் மற்றவனுக்குப் போகுமே, அதுபோலத்தான் இறந்துபோன அண்ணனின் பதிவு தாத்தாவுடையதாக வந்திருக்கிறது. ஆனால் தாத்தா பிறந்த ஆண்டு தெரியாமல் எதைத் தேடுவது? அவருடைய திருமணச் சான்றில் வயது இருக்கும். அலமாரியில் தேடி, தம்பியிடம் கொடுத்து உடனே அனுப்பச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் நான் இங்கே தங்கும் அனுமதி முடிகிறது. கூடவே நாம் தேநீர்போல் போட்டுக் குடிக்கும் மாத்தே இலை ஒரு பொட்டலம். கோப்பையைக் கைமாற்றிக் குடிக்க ஆளில்லைதான், பரவாயில்லை.

காலையில் மாதா கோயிலில் ஜெர்வாசியோவுக்கு என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். எந்த ஜெர்வாசியோ என்று சொல்லவில்லை. இருவரும் சேர்ந்தே உதவட்டும்.

நீவெஸ் அம்மாள் கூப்பிடுகிறார். சான்றை மறந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
எல்விரா